பகல் காவல்

வடகரையிலிருந்து மேக்கரைக்குப் போகிற ரோட்டில் கால்வாய்ப் பாலத்தைத் தாண்டியதும் இடது பக்கம் ஒரு மண்பாதை பிரியும். அதில் அரை மைல் உள்ளே போனால் சங்கரபாண்டியின் தென்னந்தோப்பு. தோப்பு முடிகிற இடத்தில் ஓடை. ஓடைக்கு அந்தப் பக்கம் மலை தொடங்கிவிடும். பகலில் மயில் அகவும். பொழுது சாய்ந்தால் மூங்கில் ஒடிகிற சத்தம் கேட்கும். ஒடிக்கிறது யானை என்று அந்தப் பக்கத்துச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

மாடக்கண்ணு அந்தத் தோப்பில் பதினாறு வருஷமாகக் காவலாள். மோட்டார் ரூமை ஒட்டி ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ரெண்டு அறை வீடு. பெண்சாதி சந்தனமாரி, ஒரே மகள் இசக்கிசெல்வி. செல்வி ஊருக்குள் இருக்கும் அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்பு. குற்றாலத்தில் சீசன் நடக்கிற மூன்று மாதமும் மாடக்கண்ணு தோப்பு இளநீரை வேனில் ஏற்றிக்கொண்டு போய் அருவிக்குப் போகிற வழியில் போட்டு விற்றுவிட்டு வருவான். மற்ற நாளெல்லாம் தண்ணீர் பாய்ச்சுவது, மட்டை பொறுக்குவது, ராத்திரி யானை வந்தால் வெடி போட்டு விரட்டுவது.

ஐப்பசி மழையில் ஒருநாள் விடியற்காலை, ஓடையில் தண்ணீர் ஏறுகிறதென்று மடையை அடைக்கப் போனான். கரையிலிருந்த மூங்கில் புதருக்குள் ஒற்றை யானை நின்றது அவனுக்குத் தெரியாது. அது அவனை மிதிக்கவில்லை. தும்பிக்கையால் ஒரே ஒரு தட்டு. மடைக்கல்லின் மேல் போய் விழுந்தான். இடுப்பெலும்பு மூன்று இடத்தில் ஒடிந்தது. வலது தோள் இறங்கிப்போனது. யானை அவனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடையில் இறங்கி, அந்தப் பக்கம் ஏறிப் போய்விட்டது.

திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் ஒரு மாதம். பிளேட் வைத்து அனுப்பினார்கள். ஆறு மாதம் மல்லாக்கக் கிடக்க வேண்டும், அதற்குப் பிறகு கம்பு ஊன்றி நடக்கலாமா என்று பார்க்கலாம் என்றார்கள். சங்கரபாண்டி தோப்புக்கு வேறு ஆளைப் போட்டார். ஆனால் வீட்டைக் காலி பண்ணச் சொல்லவில்லை. சந்தனமாரி அச்சன்புதூரில் ஒரு கயிறு கம்பெனிக்கு வேலைக்குப் போனாள். ஊறின தேங்காய்க் கதம்பையை மெஷினுக்குள் தள்ளி, வருகிற நாரை உதறி வெயிலில் காயப்போட வேண்டும். சாயங்காலம் திரும்பும்போது தலைமுடி, புருவம், மூக்கு எல்லாம் நார்த்தூசியாக இருக்கும்.

செல்வியைப் பள்ளிக்கூடம் போகவேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஒருநாள் நின்றாள். மறுநாளும் நின்றாள். பிறகு அந்தப் பேச்சே வீட்டில் வரவில்லை.

காலையில் அம்மா போனதும் அப்பாவுக்கு ஈரத்துணியால் மேல் துடைப்பாள். ரெண்டு மணிக்கு ஒரு முறை முதுகுப் பக்கம் தலையணையை அண்டைக் கொடுத்து ஒருக்களித்துப் போடுவாள். முதுகில் பவுடர் போடுவாள். கஞ்சி கொடுப்பாள். ஒண்ணுக்கு வந்தால் டப்பாவைப் பிடிப்பாள். முதல் வாரம் மாடக்கண்ணு அந்த நேரத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டான். அப்புறம், "எனக்கு ஆத்தா இல்லாத குறைய நீ தீக்க வந்திருக்க" என்று ஒருநாள் சொன்னான். அதோடு அவனுக்குக் கொஞ்சம் பழகிவிட்டது.

உமாராணி டீச்சர் பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை வந்தாள். ஸ்கூட்டருக்குப் பின்னால் வடிவம்மாள். வீடு வீடாக இட்லி மாவு விற்கிறவள் அவள். அவளுடைய பையன் எட்டாம் வகுப்பு படிப்பதால் பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு அவளைத் தலைவி ஆக்கியிருந்தார்கள். வீட்டில் இருந்த ஒரே நாற்காலியைச் சந்தனமாரி டீச்சருக்குப் போட்டாள். வடிவம்மாள் நார் மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"செல்வி எங்க?"

"ஓடையில துணி அலசுதா டீச்சர். அவ அப்பாவுக்குத் தெனம் மூணு வேட்டி ஆவுது."

"நாப்பத்தோரு நாளு ஆச்சு சந்தனமாரி. பேர நான் இன்னும் அடிக்கல. பங்குனியில பரீட்சை. கணக்குல தொண்ணூறுக்கு மேல வாங்குத பிள்ள இது."

"எனக்கு அது தெரியாதா டீச்சர்? நான் அவள நிப்பாட்டல. அவளும் நிக்கேன்னு சொல்லல. அது பாட்டுக்கு நின்னு போச்சு." சந்தனமாரி பால் இல்லாத சாயாவை ரெண்டு தம்ளரில் ஊற்றி வைத்தாள். "நான் வேலைக்குப் போகலன்னா அடுப்பு எரியாது. நான் போனா அவருக்கு ஆளு வேணும். ஒண்ணுக்கு வந்தா டப்பா புடிக்கணும். வெளிக்கி வந்தா இடுப்பத் தூக்கித் தட்டு வைக்கணும். பொரட்டிப் போடலன்னா முதுகு புண்ணாப் போயிரும். யாரு செய்வா? நீங்களே சொல்லுங்க, யாரு செய்வா?"

டீச்சர் தம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"அதுபோக இந்தப் பாத. அவரத் தட்டுன ஆனை இன்னும் இங்கனதான் அலையுதாம். பிள்ளைய இந்தப் பாதையில தனியா அனுப்பிட்டு நான் அங்கன நின்னு கதம்பை தள்ள முடியுமா? அவ வீட்டுக்குள்ள இருக்கான்னா அந்த ஒரு நிம்மதியாச்சும் இருக்குல்லா."

வடிவம்மாள் சாயாவைக் கீழே வைத்தாள். "ஏட்டி சந்தனம், நீ எத்தன மணிக்குப் போற?"

"ஏழரைக்கு."

"வாறது?"

"அஞ்சு, அஞ்சரை ஆயிரும்."

"அப்ப பகல்ல ஒரு ஆளு. பாதைக்கு ஒரு வண்டி. அம்புட்டுத்தான?"

"அம்புட்டுத்தானான்னு கேக்கியேக்கா!"

உள்ளேயிருந்து மாடக்கண்ணுவின் குரல் வந்தது. "எனக்கு ஆளும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். பிள்ளையக் கூட்டிட்டுப் போங்க. கதவச் சாத்திட்டுப் போனா நான் பாட்டுக்குக் கெடப்பேன்."

"நீங்க சும்மா கெடங்க அண்ணாச்சி. எல்லாம் நாங்க பாத்துக்கிடுதோம்" என்றாள் வடிவம்மாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். பதினோரு தாய்மார் வந்திருந்தார்கள். வாச்சர் காமராஜ் வந்திருந்தான். காட்டிலாகாவில் யானை விரட்டுகிற வேலை அவனுக்கு. பால் வண்டிக்காரன் பாண்டித்துரை வந்திருந்தான். அந்தப் பள்ளியில் படித்த பழைய மாணவர் என்ற முறையில் சங்கரபாண்டிக்கும் சொல்லியனுப்பியிருந்தார்கள். பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து வந்தவர் அவர். பெண்சாதி இறந்து, மகன் மதுரையில் போலீஸ் வேலையில் இருக்க, வடகரையில் தனியாக இருந்தார்.

பேச்சு ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. திங்கள் முதல் வெள்ளி வரை நாளைக்கு ஒரு பெண்ணாக ஐந்து பேர். திங்கள் முத்துலட்சுமி, புதன் வடிவம்மாள் என்று டீச்சர் ஒரு தாளில் எழுதினாள். பாண்டித்துரை மேக்கரைப் பக்கம் பால் எடுத்துவிட்டுத் திரும்பும்போது அன்றைக்கு முறையுள்ள பெண்ணைத் தோப்பில் இறக்கிவிட்டு, செல்வியை ஏற்றிக்கொண்டு வருவான். "கேனோட கேனா வந்துருவா. முன்சீட்டு சும்மாதான கெடக்கு" என்றான். காமராஜ் தினமும் ஆறரை மணிக்கு அவனுக்குப் போன் போட்டு, யானை எந்தப் பக்கம் நிற்கிறதென்று சொல்லிவிடுவான். சங்கரபாண்டி கடைசி வரைக்கும் பேசவில்லை. எழுந்து போகும்போது மட்டும், "பாதை ஓரத்துல பொதரு மண்டிக் கெடக்கு. வெட்டச் சொல்லுதேன்" என்றார்.

மாடக்கண்ணுவைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். அவனிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

செல்வி மறுபடியும் பள்ளிக்கூடம் போனாள். பாவாடை தாவணி மாதிரி எதையாவது சுற்றிக்கொண்டு கிடந்த பிள்ளை, சுடிதாரைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, ரெண்டு சடை பின்னி, பால் வண்டிக்காக வீட்டை ஒட்டின பாதை முக்கில் நிற்பதைப் பார்க்கச் சந்தனமாரிக்குக் கண் நிறைந்தது. சாயங்காலம் வரும்போது செல்வி மேலெல்லாம் பால் கவிச்சி அடித்தது. கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து படிப்பாள்.

"இன்னைக்கி என்ன நடத்துனாவ?" என்று மாடக்கண்ணு தினமும் கேட்பான்.

"கூம்பு. கூம்போட கன அளவு."

"கூம்புன்னா?"

"களத்துல நெல்லக் குமிச்சுப் போட்டிருப்பாவள்லா, அந்த மாதிரி. அதுக்குள்ள எம்புட்டு நெல்லு இருக்குன்னு அளக்காமலே சொல்லிரலாம்ப்பா."

"அளக்காமலேவா? அப்பம் நம்மாளுவள ஒரு வியாபாரியும் ஏமாத்த முடியாது" என்று சொல்லிவிட்டு மேலே கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பான்.

மூன்றாவது வாரம் புதன்கிழமை அது நடந்தது. வடிவம்மாள் வெளியே அடுப்பில் கஞ்சி வைத்துக்கொண்டிருந்தாள். மாடக்கண்ணுவுக்கு ஒண்ணுக்கு முட்டிக்கொண்டு வந்தது. முறை தொடங்கிய நாளிலிருந்தே அவன் அந்தப் பெண்களை அதற்குக் கூப்பிடுவதில்லை. அவர்கள் கூச்சப்பட மாட்டார்கள் என்று தெரிந்தும் கூப்பிட வாய் வரவில்லை. இடது கையை எட்டி டப்பாவைத் தானே எடுத்து எப்படியோ சமாளித்து வந்தான். அன்றைக்கு டப்பா கை நழுவியது. படுக்கை, வேட்டி, தரையெல்லாம் நனைந்தது. சத்தம் கேட்டு வடிவம்மாள் உள்ளே வந்தாள்.

அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. முகம் சுளிக்கவும் இல்லை. ஈரத்தை உருவி எடுத்தாள். துடைத்தாள். வேறு வேட்டியைச் சுற்றினாள். தரையில் டெட்டால் விட்டுக் கழுவினாள். "மேலுக்கு முடியாதவுகளுக்கு இதெல்லாம் வாறதுதான். இதுக்குப் போயி என்ன?" என்று சொல்லிவிட்டுக் கஞ்சியை இறக்கப் போனாள். நல்ல மனசோடுதான் செய்தாள்.

மாடக்கண்ணு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். அன்றைக்குக் கஞ்சி குடிக்கவில்லை. மறுநாளிலிருந்து பகலில் அவன் தண்ணீர் குடிக்கவில்லை.

தண்ணீர் வேண்டுமா என்று அவர்கள் கேட்பார்கள். "இப்பத்தான் குடிச்சேன்" என்பான். கஞ்சியை வைத்தால், "இருக்கட்டும், பைய குடிக்கேன்" என்பான். அவர்கள் அந்தப் பக்கம் போனதும் கட்டிலுக்குக் கீழே கிடந்த சட்டியில் ஊற்றிவிடுவான். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டும். உதட்டை நக்கிக்கொண்டே அஞ்சு மணியை எதிர்பார்த்துக் கிடப்பான். பால் வண்டிச் சத்தம் முதலில் வரும். கொஞ்ச நேரத்தில் சந்தனமாரி வருவாள். அவள் கையால் ரெண்டு செம்புத் தண்ணீரை மூச்சுவிடாமல் குடிப்பான். மாத்திரைச் சூடு என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

ஊருக்குள் அந்தப் பெண்கள் அவனைப் பற்றிப் பெருமையாகத்தான் பேசினார்கள். "பச்சப்பிள்ள மாதிரி கெடக்காரு. ஒரு தொந்தரவு உண்டா? நாம போயி சும்மா உக்காந்துட்டு வாறோம்" என்று முத்துலட்சுமி சொன்னாள்.

மாசி மாதம் வெயில் ஏறியது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை பத்து மணிக்கே கொதிக்கும். ஒரு வியாழக்கிழமை மத்தியானம் அவனுக்குக் குளிர்க்காய்ச்சல் கண்டு கட்டிலே ஆடியது. வாயில் என்னென்னவோ உளறினான். மடையை அடைக்கணும் என்றான். முறைக்கு வந்திருந்த பெண் பயந்துபோய் டீச்சருக்குப் போன் போட்டாள். ஆம்புலன்ஸ் வந்து தென்காசி அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது.

மறுநாள் காலையில் வார்டு வராந்தாவில் சந்தனமாரி, செல்வி, டீச்சர், வடிவம்மாள் நாலு பேரும் நின்றார்கள். டாக்டர் சின்ன வயசுப் பையன். சத்தம் போடாமல் கேட்டான்.

"ஒரு நாளைக்கு இவரு எவ்வளவு தண்ணி குடிக்காரு?"

நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கேட்டா இப்பத்தான் குடிச்சேம்பாரு சார்" என்றாள் வடிவம்மாள்.

"குடிக்கல. ரொம்ப நாளாவே சரியாக் குடிக்கல. கிருமி சிறுநீரகம் வரைக்கும் போயிருக்கு. ரெண்டும் அடி வாங்கியிருக்கு. காய்ச்சலக் குறைச்சிருவோம். அதுக்கு மேல பொறுத்துத்தான் பாக்கணும்."

செல்வி யாரையும் பார்க்காமல் உள்ளே போனாள். அப்பா கண் விழித்துக் கிடந்தான்.

"எப்பா, தண்ணி குடிக்கலியாமே?"

அவன் போர்வை நுனியை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"ஏம்ப்பா?"

"குடிச்சா ஒண்ணுக்கு வரும்லா" என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

செல்வி வராந்தாவுக்கு வந்து தரையில் உட்கார்ந்தாள். அழவில்லை. "இனி நான் பள்ளிக்கூடத்துக்குப் போகல" என்றாள். டீச்சர் அவள் தோளில் வைத்த கையைத் தள்ளிவிட்டாள். வடிவம்மாள்தான் அழுதாள். "நல்லது செய்யுதோம்னுல்லா நெனச்சோம். ஆம்பளைக்குக் கூச்சமா இருக்குமேன்னு ஒருத்திக்காச்சும் தோணலியே. நான் எம் புத்தியச் செருப்பால அடிக்கணும்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். சந்தனமாரி சுவரில் சாய்ந்தபடி நின்றாள். ரெண்டு செம்புத் தண்ணீரை அவன் எப்படிக் குடித்தான் என்பதே அவள் கண்ணுக்குள் நின்றது. தினமும் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன் என்று நினைத்தாள்.

நாலாம் நாள் காய்ச்சல் இறங்கியது. அன்றைக்குச் சாயங்காலம் சங்கரபாண்டி வந்தார். கட்டில் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஏலே மாடக்கண்ணு."

"வாங்க அண்ணாச்சி."

"தாகத்தோடயால கெடந்த?"

மாடக்கண்ணு மேலே ஓடுகிற ஃபேனைப் பார்த்தான்.

"கேக்கேம்லா."

"பொம்பளையளு அண்ணாச்சி. அக்கா தங்கச்சி மொறையில உள்ளவுக. அவுக முன்னால போயி..."

"சரி. வீட்டுக்குப் போனதும் பகல்ல நான் வாரேன்."

"நீங்களா? நீங்க எதுக்கு?"

"எனக்கென்ன வேல இருக்கு? எப்பிடியும் தோப்புக்கு வரத்தான செய்யுதேன்."

மாடக்கண்ணு எழுந்திருக்கப் பார்ப்பவன்போல இடது கையை ஊன்றினான். "வேண்டாம் அண்ணாச்சி. பதினாறு வருசம் உங்க சோத்தத் தின்னுருக்கேன். நீங்க எனக்குப் பீ மூத்திரம் எடுக்கதுக்கு நான் அந்த மடையிலயே செத்துருக்கலாம்."

"அன்னைக்கிக் காலையில மடைய அடைலேன்னு போன் போட்டது யாரு?"

"நீங்க போடலன்னாலும் போயிருப்பேன்."

"போயிருப்ப. ஆனா நான் போட்டேம்லா. கம்பளியப் போத்திக்கிட்டு, கட்டில்ல கெடந்துக்கிட்டே போட்டேன். ஆனை எறங்கியிருக்குன்னு முந்தின நாளே காமராஜ் எனக்குச் சொல்லியிருந்தான். அது உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்லா."

மாடக்கண்ணு அவரையே பார்த்துக்கொண்டு கிடந்தான். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். இவ்வளவு நாளும் அவர் ஏன் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்காமல், தோப்பு வாசலோடு திரும்பிப் போனார் என்பது தலைமாட்டில் நின்ற சந்தனமாரிக்கு அப்போதுதான் புரிந்தது. அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். அந்த வயசான மனுஷன் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்துவிட்டு அவளால் வாயைத் திறக்க முடியவில்லை.

"எனக்கு உங்க மேல ஒரு வருத்தமும் இல்ல அண்ணாச்சி. ஆனா இது வேண்டாம்" என்றான் மாடக்கண்ணு.

கால்மாட்டில் நின்ற செல்வி முன்னால் வந்தாள். "எப்பா, ஒண்ணு சொல்லுதேன். நீ பகல்ல தண்ணி குடிச்சா நான் பள்ளிக்கூடத்துக்குப் போறேன். இல்லன்னா வீட்டுல இருக்கேன். நீ தாகத்தோட கெடந்து நான் பத்தாப்பு பாஸாவி, அத வச்சு என்ன செய்ய?"

வார்டில் மத்தியான மருந்து வாசம் போகாமல் நின்றது. பக்கத்துக் கட்டில்காரருக்குச் சாப்பாடு கொண்டுவந்தவர்கள் பாத்திரத்தைத் திறந்தார்கள். மாடக்கண்ணு, "அண்ணாச்சி வரட்டும்" என்றான்.

வீட்டுக்கு வந்த மறுநாள் எட்டு மணிக்குச் சங்கரபாண்டியின் டி.வி.எஸ். வண்டி வாசலில் நின்றது. பெண்களும் முறைப்படி வந்தார்கள். கஞ்சி வைப்பது, துணி அலசுவது அவர்கள் வேலை. உள்வேலை முழுக்க அவருடையது. கொஞ்சம் முரட்டுக் கை. "தூக்குலே இடுப்ப, வெறகுக்கட்ட மாதிரி கெடக்கியே" என்று அதட்டுவார். ரெண்டு நாளைக்கு ஒரு முறை சவரம் பண்ணிவிடுவார். ஊரில் நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். மதுரையிலிருந்து மகன் போன் போட்டு, "உங்களுக்கு என்ன கோட்டி புடிச்சிருக்கா?" என்று கத்தினான். போனைக் கட்டில் மேல் வைத்துவிட்டு, அவன் கத்தி முடிக்கும் வரை டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தார்.

முதல் ரெண்டு நாளும் மாடக்கண்ணு கண்ணை மூடிக்கொண்டான். மூன்றாம் நாள், "இன்னும் கொஞ்சம் தண்ணி தாருங்க" என்று கேட்டான். பிறகு ரெண்டு பேரும் தேங்காய் விலை பேசினார்கள். வண்டு விழுந்த மரங்களைப் பற்றிப் பேசினார்கள். யானையைப் பற்றி மட்டும் பேசவில்லை.

பங்குனியில் செல்வி பரீட்சை எழுதினாள். ஐந்து பரீட்சைக்கும் பாண்டித்துரை அவளைப் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்ட பிறகுதான் பாலைக் கொண்டுபோய் இறக்கினான். கணக்குப் பரீட்சையன்று பாதையில் யானை நிற்கிறதென்று காமராஜ் சொல்லிவிட, தோப்புக்குள்ளேயே ஓடைக்கரையோடு சுற்றி மேக்கரை ரோட்டில் ஏறி, கேன்களெல்லாம் கடகடக்க ஓட்டிக்கொண்டு போனான்.

சித்திரை பிறந்ததும் மாடக்கண்ணுவுக்குக் கால் வீங்கியது. பிறகு முகம் வீங்கியது. தென்காசிக்குக் கொண்டுபோனார்கள். சிறுநீரகம் ரெண்டும் கொஞ்சம் கொஞ்சமாக நின்றுகொண்டு வருகிறது என்றார்கள். ரத்தத்தைச் சுத்தம் பண்ண வாரம் ரெண்டு தடவை வரச் சொன்னார்கள். இனிமேல் தண்ணீரை அளந்துதான் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். நாளொன்றுக்கு மூன்று தம்ளர். அதற்கு மேல் போனால் மூச்சு முட்டும்.

இப்போது அவன் வாய்விட்டுக் கேட்டான். கொடுக்கக் கூடாது. சங்கரபாண்டி துணியை நனைத்து அவன் உதட்டைத் துடைத்துவிடுவார். "கேக்காதலே. கேட்டா எனக்குக் குடுக்கணும்போல இருக்கும்" என்பார்.

சித்திரைக் கடைசியில் ஒருநாள் மத்தியானம் இறந்துபோனான். சந்தனமாரி கம்பெனியில் இருந்தாள். செல்வி ஓடைக்குப் போயிருந்தாள். சங்கரபாண்டி மட்டும்தான் பக்கத்தில் இருந்தார். ஓடி வந்த சந்தனமாரியிடம் எழுந்து நின்று சொன்னார்: "தண்ணி கேட்டான். இன்னைக்கிக் கணக்கு முடிஞ்சி போச்சு. இருந்தாலும் கேட்டான். குடுத்துட்டேன் தாயி. ஒரு செம்பு முழுசும் குடிச்சான்." அவர் கை அந்தச் செம்பை விடாமல் பிடித்திருந்தது. சந்தனமாரி அதை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, "நல்லாக் குடிச்சாரா?" என்று மட்டும் கேட்டாள்.

"நல்லாக் குடிச்சான்."

பதினாறாம் நாள் கழிந்து அவள் வேலைக்குப் போனாள். மெஷினுக்குள் கதம்பையைத் தள்ளிக்கொண்டிருந்தபோது, இனி செல்வி எந்தக் காரணத்துக்காகவும் வீட்டில் நிற்க வேண்டியதில்லை என்ற நினைப்பு திடீரென்று வந்தது. அதோடு சேர்ந்து ஒரு நிம்மதியும் வந்தது. ஒரு நிமிஷம்தான். அப்புறம் அவளுக்குத் தன்னையே பிடிக்கவில்லை. மெஷினை விட்டு நகர்ந்து போய்ப் பின்பக்கம் வாந்தி எடுத்தாள். வெயில் பித்தம் என்று கூட வேலை பார்த்தவர்கள் சொன்னார்கள்.

செல்வி நானூற்று முப்பத்தேழு மார்க். கணக்கில் தொண்ணூற்றெட்டு. உமாராணி டீச்சர் தாளைக் கொண்டுவந்து கொடுத்தாள். அவளே அலைந்து செங்கோட்டைப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்புக்கு இடம் வாங்கினாள். பால் வண்டி வடகரை வரைக்கும், அங்கிருந்து பஸ் என்று ஏற்பாடு. வடிவம்மாள் தைக்கக் கொடுத்துப் புது யூனிபாரம் கொண்டுவந்தாள்.

பள்ளி திறந்த அன்றைக்குச் சாரல் அடித்துக்கொண்டிருந்தது. மலை தெரியவில்லை. அந்த வருஷம் சீசன் முந்தியே தொடங்கிவிட்டதாகச் சொன்னார்கள். பாதை முக்கில் தாயும் மகளும் ஒரு குடைக்குள் நின்றார்கள். பாண்டித்துரை வண்டியை நிறுத்தி, துண்டால் முன்சீட்டைத் துடைத்துவிட்டான்.

"ஏறு மக்கா. பையைக் கால்ல வச்சுக்கோ." சந்தனமாரியைப் பார்த்துச் சிரித்தான். அவளுக்கு ஆறுதலாக ஏதாவது சொல்ல நினைத்தான். "நீங்க கவலப்படாதீங்க மைனி. இனி பிள்ளை படிப்புக்கு ஒரு இடைஞ்சலும் இல்ல."

சந்தனமாரி குடைக்கம்பியை இறுக்கிப் பிடித்தாள்.

ஏறி உட்கார்ந்த செல்வி கதவைச் சாத்தவில்லை. "சித்தப்பா" என்றாள். "எங்கப்பா எனக்கு இடைஞ்சலா இருக்கல."

பாண்டித்துரை ரெண்டு கையையும் ஸ்டீயரிங்கில் வைத்தபடி அப்படியே இருந்தான். கண்ணாடியில் தண்ணீர் இறங்கியது. "தெரியாமச் சொல்லிட்டேன் மக்கா" என்றான் கடைசியில்.

"சரி சித்தப்பா. எடுங்க. பஸ்ஸு போயிரும்."

வண்டி பாதை திரும்பி மறையும் வரை சந்தனமாரி நின்றாள். அவளுக்கும் கம்பெனிக்கு நேரமாகிவிட்டது. வீட்டுக்கு வந்து தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு, கதவை இழுத்துச் சாத்தினாள். பூட்ட வேண்டும். ஆறு மாதமாக அந்த வீட்டில் பகலில் யாராவது ஒரு ஆள் இருந்துகொண்டே இருந்தார்கள். பூட்டை எங்கே வைத்தோம் என்று அவளுக்கு ஞாபகம் வரவில்லை. சாரலில் நின்றபடி வெகுநேரம் யோசித்தாள்.